காமெடில வர்ற காதல் லேசானதா?

வணக்கம் சார்,
ஷேக்ஸ்பியரோட ரோமியோ ஜூலியட், மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம் ரெண்டையும் அடுத்தடுத்து படிச்சேன். ஒண்ணுல உயிரையே குடுக்குறாங்க, இன்னொண்ணுல கண்ணுல பூச்சாறு பிழிஞ்சா காதலிக்கிற ஆளே மாறிடுது. காமெடில வர்ற காதலை அவரே சீரியஸா எடுத்துக்கலையோ?
வாசகி, திருச்சி

வணக்கம்ங்க,
ரெண்டையும் சேர்த்து படிச்சது ரொம்ப நல்லது, 1595-96 வாக்குல கிட்டத்தட்ட ஒரே சமயத்துல எழுதுனதுன்னு தான் ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஆனா நீங்க சொல்றத என்னால ஒத்துக்க முடியல. மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்ங்கிற அந்த காமெடியோட முதல் காட்சிய திரும்ப பாருங்க, ஹெர்மியாங்கிற பொண்ணோட அப்பா வந்து நான் சொல்ற பையனை கட்டிக்கலன்னா சட்டப்படி இவளுக்கு மரணம்னு நிக்கிறாரு, பெத்த பொண்ணுக்கு! இத லேசுன்னு எப்படி சொல்றது?

ஆள் மாறுறதுன்னா ரோமியோவும் தான் மாறுறான். ரோசலின் ரோசலின்னு உருகிட்டு விருந்துக்குப் போனவன் ஜூலியட்டை பாத்த நிமிஷமே அவள மறந்துடுறான், எந்த பூச்சாறும் இல்லாமயே. மூணாவது அங்கத்துல ரோமியோவோட நண்பன் மெர்க்யூஷியோ குத்துப்பட்டு சாகுற வரைக்கும் அந்த நாடகம் பெரும்பாலும் காமெடி நடையில தான் போகுது, ஜூலியட்டை வளத்த செவிலி பேசுற பேச்செல்லாம் பாருங்க.

என்னைக் கேட்டா வித்தியாசம் காதல்ல இல்ல, நேரத்துல இருக்கு. காட்டுல தேவதை ராஜாவோட வேலையாள் பக் தப்பான ஆள் கண்ணுல சாறு விட்டுடுறான், சரி பண்ண ராத்திரி மிச்சம் இருக்கு. ரோமியோ ஜூலியட் நடக்குற வெரோனால அந்த மிச்சம் இல்ல. 1562ல ஆர்தர் ப்ரூக் கவிதையா எழுதுனப்போ மாசக்கணக்குல நடந்த கதைய ஷேக்ஸ்பியர் ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சு வியாழன் விடியறதுக்குள்ள முடிச்சுட்டாரு. ஜூலியட் நெஜமா சாகல, மருந்து மயக்கம் தான்னு ரோமியோவுக்குப் போக வேண்டிய கடிதம் ஏன் போகலன்னா, கொண்டு போற துறவிய பிளேக் சந்தேகத்துல ஒரு வீட்டுக்குள்ள வச்சு பூட்டிடுறாங்க, அவ்ளோதான் காரணம். 1592ல இருந்து 94 வரைக்கும் பெரும்பாலான நாள் பிளேக்னால லண்டன் தியேட்டர்களே மூடிக் கெடந்துச்சு, பாக்க வந்த ஜனங்களுக்கு அந்த பூட்டு எவ்ளோ நெருக்கமா இருந்திருக்கும்!

அப்புறம் காமெடி கடைசில தொழிலாளிங்க போடுற பிரமஸ் திஸ்பி நாடகம். சுவரு, பகை புடிச்ச பெத்தவங்க, செத்துட்டான்னு தப்பா நெனச்சு தானும் சாகுறது, அப்படியே ரோமியோ ஜூலியட் கதை தான். முந்தின ராத்திரி காட்டுல ஹெலனாவுக்காக வாளோட அடிச்சுக்க போன காதலர்கள் லைசாண்டரும் டெமெட்ரியஸும் அத பாத்து கிண்டல் அடிக்கிறாங்க. அவங்களைக் கட்டிக்கிட்ட ஹெர்மியாவுக்கும் ஹெலனாவுக்கும் அந்த கடைசி அங்கத்துல ஒரு வரி வசனம் கூட கிடையாது, ஏன்னு யோசிச்சு பாருங்க.

அடுத்து ட்வெல்ஃப்த் நைட் படிங்க. தான் காதலிக்கிறவனோட காதலையே இன்னொருத்திகிட்ட தூது கொண்டு போறா வயோலா, படிச்சுட்டு கண்டிப்பா எழுதுங்க.