அறை கிடைக்காத அரசன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலையாக ஆறு மாதம் சியோலில் இருக்கிறேன். நீங்கள் ஓர் உரையில் சொன்னதை நம்பி, பழைய கொரிய அரசர்களின் நினைவாலயமான ஜோங்மியோ போனேன். நீளமான ஒரு கொட்டகை, பூட்டிய கதவுகள், முன்னால் வெறும் கல்தரை. சிலை இல்லை, ஓவியம் இல்லை. நடுப்பாதையில் கால் வைத்ததற்கு வழிகாட்டி எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். கொரியர்களுக்கு இது மதமா, வெறும் சம்பிரதாயமா? அடுத்த மாதம் அம்மா வருகிறார். முழங்கால் வலி உள்ளவர். அரண்மனைகளை மட்டும் காட்டினால் போதாதா?

எம்.

அன்புள்ள எம்.,

கொட்டகை என்ற சொல்லோடு கடிதத்தை மூடிவிட்டேன். மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன். சில நாட்களாக நானும் அந்த இடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், குறிப்பாக அங்கே இல்லாத ஒருவனை. அதனால் இந்தப் பதில்.

வழிகாட்டி கண்டித்தது சரி. கிழக்குத் தடம் அரசனுக்கு, மேற்குத் தடம் பட்டத்து இளவரசனுக்கு, சற்றே உயர்ந்த நடுத்தடம் இறந்தவர்களுக்கு. அரசனே மிதிக்காத இடம் அது. முதல் முறை நானும் மிதித்து வசவு வாங்கியவன்தான், விடுங்கள். மதமா சம்பிரதாயமா என்பதைப் பேராசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கொட்டகையை மட்டும் விடமாட்டேன். 1395இல் அதற்கு ஏழு அறைகள். ஜோசன் வம்சத்து அரசர்கள் இறக்க இறக்கப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே போனார்கள்: பதினொன்று, பதினைந்து, பத்தொன்பது. இன்று 101 மீட்டர். உள்ளே 19 அரசர்கள், 30 அரசிகள், இறந்தவரின் ஆவி குடியிருப்பதாகக் கருதும் மரப்பலகை ஆளுக்கு ஒன்று. உங்களுக்கு அலுப்பூட்டிய அந்த நீளம் ஐந்நூறு ஆண்டுகளின் சாவுக் கணக்கு ஐயா! அரசனாக இருந்தால் மட்டும் அங்கே நிலைத்துவிட முடியாது. சில தலைமுறை கழிந்ததும், பெரிதாக ஒன்றும் சாதிக்காதவர்களின் பலகையைப் பக்கத்திலுள்ள யொங்நியொங்ஜொன் மண்டபத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

அந்தப் பக்கத்து மண்டபத்திலும் இடம் கிடைக்காதவன் குவாங்கே. 1592இல் ஜப்பானியப் படையெடுப்பில் ஜோங்மியோ எரிந்தது. தந்தையான அரசன் சொன்ஜோ பலகைகளோடு வடக்கே ஓட, இளவரசன் குவாங்கே நாட்டுக்குள் நின்று படை திரட்டினான். 1608இல் ஆலயம் மீண்டும் எழுந்து நின்றபோது அவனே அரசன். சீனாவின் மிங் பேரரசுக்கும் அதை எதிர்த்து வடக்கே எழுந்த மஞ்சுக்களுக்கும் இடையே நெளிந்து நெளிந்து நாட்டுக்குள் போர் வராமல் பார்த்துக்கொண்டான். 1623இல் கவிழ்த்தார்கள். தம்பியின் சாவு, சிற்றன்னையின் சிறை என்று குற்றச்சாட்டுகள். அவை பொய்யல்ல, அவனை உத்தமன் என்று நான் சொல்லவரவில்லை. 1641இல் ஜெஜு தீவில் கைதியாகச் செத்தான். வரலாற்றில் அவன் பெயர் குவாங்கேகுன். ‘குன்’ என்றால் இளவரசன்தான், அரசனில்லை.

அவனைக் கவிழ்த்து அரியணை ஏறிய இன்ஜோ என்ன செய்தான்? மஞ்சுக்களை இரண்டு முறை நாட்டுக்குள் வரவழைத்தான். 1637இல் அவர்களுடைய பேரரசன் முன் மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை தலையைத் தரையில் வைத்தான். பெரிய மண்டபத்தில் அவனுக்கு அறை உண்டு, உண்டு!

இரண்டாம் முறை போனபோது முற்றத்தில் நின்று கதவுகளை எண்ணினேன். பக்கத்தில் ஒரு கொரிய முதியவர், கையில் மடித்த செய்தித்தாள். நான் எண்ணுவதைப் பார்த்துச் சிரித்து, அவரும் தாளை நீட்டி நீட்டி எண்ணினார். பத்தொன்பதில் முடிந்ததும் நான் “குவாங்கே?” என்றேன். சிரிப்பு நின்றது. தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பிறகு வெகுநேரம் இருவரும் அங்கேயே நின்றோம்.

அம்மாவைச் சனிக்கிழமை அழைத்துப் போங்கள், வழிகாட்டி இல்லாமல் நடக்கலாம். செவ்வாய் விடுமுறை. முற்றத்துக் கற்களை வேண்டுமென்றே கரடுமுரடாக விட்டிருக்கிறார்கள், அவர் கையை விடாதீர்கள்.