அளவெல்லாம் சரி, துளை மட்டும் எதிர்க்கோடியில் ஏன்?

கேள்வி: அமெரிக்க டிராயிங் ஒன்றைப் பார்த்து எல் வடிவ பிராக்கெட் செய்தோம். அடித்தகடு 80 × 40 × 10 மி.மீ., நிற்கும் தகட்டோடு மொத்த உயரம் 50. அடித்தகட்டில் இடது முனையிலிருந்து 20 மி.மீ. தள்ளி 12 மி.மீ. துளை. படத்தில் முன்தோற்றமும் அதற்கு வலப்புறம் பக்கத்தோற்றமும்தான் இருந்தன. அளவெல்லாம் சரியாக இருந்தும் பொருத்தும்போது துளை வலது கோடிக்குப் போய்விட்டது. எங்கே தவறினோம்?

பதில்: பக்கத்தோற்றத்தைப் படித்த விதத்தில்.

தோற்றங்களைத் தாளில் அடுக்க இரண்டு முறைகள் உண்டு. நாம் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக்கில் பழகுவது ஃபர்ஸ்ட் ஆங்கிள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்.பி. 46:2003 கையேட்டின் முறையும் அதுதான். அதில் பார்ப்பவருக்கும் படத்தளத்துக்கும் (தோற்றம் விழும் கற்பனைத் தளம்) நடுவே பொருள் இருக்கும். அதனால் இடப்பக்கத் தோற்றம் வலப்புறம் விழும், மேல்தோற்றம் கீழே விழும். அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள். அங்கே படத்தளம்தான் நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்துப் பார்ப்பது போல. வலப்பக்கத் தோற்றம் வலப்புறமே, மேல்தோற்றம் மேலேயே வரும்.

ஆக, உங்கள் படத்தில் இருந்தது வலப்பக்கத் தோற்றம். நீங்கள் அதை இடப்பக்கமாக எடுத்துக்கொண்டீர்கள். பக்கத்தோற்றத்தில் முன்தோற்றத்தை ஒட்டியிருக்கும் விளிம்பு தேர்ட் ஆங்கிளில் பொருளின் முன்பக்கம், ஃபர்ஸ்ட் ஆங்கிளில் பின்பக்கம். இதை மனப்பாடமே செய்துகொள்ளலாம். நிற்கும் தகடு முன்தோற்றத்தை ஒட்டாத விளிம்பில் வரையப்பட்டிருந்தது, அதாவது பின்னால் நிற்க வேண்டியது. நீங்கள் முன்னால் நிறுத்தினீர்கள். பிராக்கெட்டைத் திருப்பித் தகட்டைப் பின்னால் கொண்டுபோனால் துளை வலது கோடிக்கு வந்துவிடும். கண்ணாடி பிம்பம் போன்ற இந்தப் பொருளை எப்படித் திருப்பினாலும் சரியாகாது.

முன்தோற்றமே இதைக் காட்டிக்கொடுத்திருக்கும். அடியிலிருந்து 10 மி.மீ. உயரத்தில் ஓடும் கிடைக்கோட்டைப் பாருங்கள். தகடு பின்னால் நின்றால் அடித்தகட்டின் மேல் விளிம்பு கண்ணுக்குத் தெரியும், கோடு முழுக்கோடாக இருக்கும். தகடு முன்னால் நின்றால் அந்த விளிம்பு மறைந்துபோகும், விட்டுவிட்டுப் போட்ட ஹிடன் லைனாகத்தான் வரும். துளையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது: இரண்டு தோற்றத்திலும் அது ஹிடன் லைன்தான், நடுவில் சென்டர் லைன். பலரும் துளையையே பார்த்துக்கொண்டிருந்து ஏமாறுவது இங்கேதான்.

டைட்டில் பிளாக்கில் (டிராயிங்கின் விவரங்கள் எழுதிய கட்டம்) அல்லது அதன் அருகே நுனி வெட்டிய கூம்பின் படம் இருக்கும், பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு முழு வட்டங்கள். கூம்பின் சிறிய முனை வட்டங்களை ஒட்டியிருந்தால் தேர்ட் ஆங்கிள், விலகியிருந்தால் ஃபர்ஸ்ட் ஆங்கிள். குறியே இல்லாத டிராயிங் என்றால், மேலே சொன்னதுபோல ஏதாவது ஒரு விளிம்பு முழுக்கோடா ஹிடன் லைனா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். அப்படியும் பிடிபடவில்லை என்றால், டிராயிங் அனுப்பியவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பொருளை வைஸில் கட்டுங்கள்.