அலைக்கும் முறை உண்டு

ஐயா,
நான் கோபிப் பக்கம். கோவையில் வேலை. மாதம் ஒருமுறை கோவளம் போய் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பழகுகிறேன். "தண்ணிமேல நிக்கறது ஒரு பொழப்பா?" என்கிறார் அப்பா. இது விளையாட்டா, வாழ்க்கைமுறையா? ஒலிம்பிக்ஸில் சேர்த்தது இதைக் கெடுத்துவிட்டதா? எந்தப் பலகை வாங்கலாம்? போன தடவை ஒரு மீனவப் பையன், அவன் அலையில் குறுக்கே வந்தேன் என்று திட்டிவிட்டான். கடல் என்ன அவன் வீட்டுச் சொத்தா?
க.

அன்புள்ள க.,

அப்பாவை ஒருமுறை கோவளம் கூட்டிப்போங்கள், போதும். ஹவாயில் அரசரும் குடிகளும் ஆடியது இது. விளையாட்டா வாழ்க்கையா என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. நாமும் விடுவோம்.

உங்கள் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. கடல் அவன் சொத்தில்லை, சரி. அந்த அலை அவனுடையது. அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ, அவருக்கே அலை. மற்றவர்கள் விலகவேண்டும். 2021இல் ஜப்பானில் நடந்த ஒலிம்பிக்ஸிலும் குறுக்கிட்டவருக்கு மதிப்பெண்ணை வெட்டும் விதி இருந்தது.

தத்துவம் பேசுகிறவர்கள் எல்லாரும் அலைமேல் நிற்கும் அந்தச் சில நொடியையே பேசுகிறார்கள். தன்னை மறக்கிறோமாம், கடலோடு கலக்கிறோமாம். மிச்ச நேரமெல்லாம் பலகைமேல் உட்கார்ந்து, இது யார் முறை என்று பார்த்துக் காத்திருக்கிறீர்களே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

இதைக் கோபிக்காரருக்கா நான் சொல்லவேண்டும்? கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். ஒரு போகத்துக்குப் பாதிக்குத்தான் தண்ணீர். மிச்சப் பாதி தன் முறை வரும்வரை காத்துக் கிடக்கிறது. எனக்குப் பதிமூன்று வயதில், எங்கள் கடலைக்காடு வாடுகிறதே என்று, பக்கத்துக் காட்டுக்காரர் முறையில் ராத்திரியோடு ராத்திரியாக எங்கள் மடையை வெட்டிவிட்டேன். விடிந்ததும் அப்பாரு, என் தாத்தா, என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையைப் பிடித்து அந்தக் காட்டுக்காரர் வாசலுக்குக் கூட்டிப்போனார். "பையன் உங்க தண்ணியத் திருப்பீட்டானுங்க" என்று அந்த வயதில் கைகூப்பி நின்றார். எங்கள் முறை வந்தபோது முதல் இரண்டு மணி நேரத் தண்ணீர் அவர் காட்டுக்குப் போனது. மண்வெட்டியோடு நான்தான் காவல் நின்றேன்.

அடுத்த தடவை போனதும் அந்தத் தம்பியைத் தேடிப் பிடியுங்கள். எந்தப் பலகை என்று அவனிடமே கேளுங்கள், அந்தக் கடலில் வளர்ந்தவன் அவன். அப்புறம், உங்களுக்கு வரும் முதல் நல்ல அலையை அவனுக்கு விடுங்கள்.