வண்டி நல்லா ஓடும்போது டைமிங் பெல்ட்ட மாத்தணுமா? அது அந்து போனா ஹெட் கேஸ்கட்டும் போயிருமா?

நீங்க கேட்டது இதுதான்: செகண்ட் ஹேண்ட்ல வாங்குன டீசல் கார், ஏழு வருஷ வண்டி, 88,000 கிலோமீட்டர், ஒரு சத்தமும் இல்ல, ஆனா மெக்கானிக் டைமிங் பெல்ட் மாத்த சொல்றாரு, அடுத்த வாரம் குடும்பத்தோட கொடைக்கானல் வேற போறீங்க. டைமிங் பெல்ட்னா இன்ஜினுக்குள்ள பிஸ்டனும் வால்வும் சரியான நேரத்துல ஓட வைக்கிற பல்லு வச்ச ரப்பர் பெல்ட். ஹெட் கேஸ்கட்னா இன்ஜின் பிளாக்குக்கும் (கீழ் பாதி) அதுக்கு மேல உக்காந்திருக்குற ஹெட்டுக்கும் நடுவுல கசியாம அடைக்கிற தகடு.

மாத்திருங்க. சத்தம் வரலன்னு நம்பித்தான் நான் போய் மாட்டுனேன், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

என்னோடதும் 1.5 லிட்டர் டீசல், வாங்கும்போது பழைய ஓனர் "பெல்ட்லாம் மாத்தியாச்சு சார்"னு சொன்னாரு, நானும் பில்லு கேக்கல. உளுந்தூர்பேட்டை தாண்டி எண்பதுல போய்க்கிட்டு இருக்கேன், ஒரு முன்னறிவிப்பும் இல்லாம இன்ஜின் பொசுக்குன்னு ஆஃப். ஸ்டீரிங் கல்லு மாதிரி இறுகிருச்சு, பின்னாடி ஆம்னி பஸ்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே வரான், எப்படியோ இழுத்து ஓரம் கட்டிட்டேன். அப்புறம் செல்ஃப் அடிச்சேன் பாருங்க, வழக்கமா திணறித் திணறி சுத்துற சத்தம் இல்லாம ஃபேன் சுத்துற மாதிரி லேசா "விர்ர்"னு சுத்துச்சு. இந்த சத்தத்த மட்டும் மனசுல வச்சுக்கங்க. கம்ப்ரஷன் (பிஸ்டன் காத்த அமுக்குறது) இல்லன்னா இப்படித்தான் சுத்தும், அப்படி கேட்டா மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்காதீங்க, மிச்சம் இருக்குற வால்வையும் (காத்தும் புகையும் போய்வர தெறந்து மூடுற கதவு) நீங்களே வளைச்ச மாதிரி ஆயிரும்.

விழுப்புரத்துல ஒரு ஷெட்டுக்கு கட்டி இழுத்துட்டுப் போனோம். அங்க இருந்த மெக்கானிக் அண்ணன் கவரைக் கழட்டுனா பெல்ட் அந்தே போகல! சுத்தி முழுசா இருக்கு, ஆனா கீழ கிராங்க் (பிஸ்டன் சுத்த வைக்கிற தண்டு) புல்லிகிட்ட ஏழெட்டு பல்லு மொழுக்குன்னு வழிச்சு எடுத்த மாதிரி இல்ல. ஹெட்ட இறக்குனதுக்கு அப்புறம் பிஸ்டன் தலையில டார்ச் அடிச்சுக் காட்டுனாரு, ஒவ்வொண்ணுலயும் பிறை நிலா மாதிரி பளபளன்னு ஒரு வெட்டு. வால்வு வந்து இடிச்ச தடம். எட்டு வால்வும் வளைஞ்சு போச்சு. வால்வு, கைடு, கேஸ்கட், புது ஹெட் போல்ட், பெல்ட் கிட், லேபர் எல்லாம் சேத்து 46,000 ரூபா ஆச்சு, முன்னாடியே கிட் மட்டும் மாத்தியிருந்தா பத்தாயிரத்துக்குள்ள முடிஞ்சிருக்கும்.

ஏன் இடிக்குதுன்னா, கிராங்க் ரெண்டு சுத்து சுத்துனா வால்வ தெறக்குற கேம் ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்தணும், அந்தக் கணக்க புடிச்சு வைக்கிறது இந்த ரப்பர் பெல்ட் மட்டும்தான். 2,400 ஆர்பிஎம்ல ஒவ்வொரு வால்வும் ஒரு செகண்டுக்கு 20 தடவ தெறந்து மூடுது. டீசல்ல கம்ப்ரஷன் ஜாஸ்தி, பிஸ்டன் மேல வரும்போது ஹெட்டுக்கும் அதுக்கும் நடுவுல எடமே இருக்காது, அந்த நேரத்துல கேம் நின்னு போய் வால்வு தெறந்தபடி நின்னா வேற என்ன ஆகும். 1962ல ஜெர்மனில கிளாஸ் 1004ங்கிற கார்லதான் ஃபேக்டரி கார்கள்லயே மொத மொதல்ல இந்த பல்லு வச்ச பெல்ட் வந்துச்சு, சத்தம் கம்மி, எடை கம்மி, ஆயில் தேவையில்ல, எல்லாம் சரி, ஆனா ரப்பர் ரப்பர்தான். ஓடாம நின்னாலும் வருஷம் போகப் போக காஞ்சு வெடிக்கும், ஆயில் கசிஞ்சு மேல பட்டா இன்னும் சீக்கிரம் போகும். அதனால மேனுவல்ல கிலோமீட்டர், வருஷம் ரெண்டும் போட்டிருந்தா எது முன்னாடி வருதோ அதுதான் கணக்கு. செகண்ட் ஹேண்ட்ல பில்லு கையில இல்லன்னா மாத்தலன்னே வச்சுக்கங்க.

எல்லா வண்டிலயும் பெல்ட் கிடையாது. பழைய இன்னோவா 2.5 டீசல், டஸ்டர் 1.5 டீசல், மாருதி 800 இதெல்லாம் பெல்ட். ஸ்விஃப்ட்ல வந்த 1.3 டீசல், இன்னோவா கிரிஸ்டா டீசல் செயின். செயினும் ஆயில் ஒழுங்கா மாத்தலன்னா தொய்யும், ஆனா காலைல ஸ்டார்ட் பண்ணும்போது கடகடன்னு சத்தம் குடுத்து சொல்லும்.

இப்ப கேஸ்கட். பெல்ட் போறதால கேஸ்கட் நேரா போகாது, ஹெட்ட இறக்குறதால புதுசு போட்டே ஆகணும், அவ்ளோதான். ஆனா ஒரு வழி இருக்கு: டஸ்டர் டீசல் மாதிரி சில இன்ஜின்ல வாட்டர் பம்ப்பையும் இந்த பெல்ட்தான் சுத்துது, பம்ப் பேரிங் இறுகுனா பெல்ட் காலி, பம்ப் கசிஞ்சா இன்ஜின் ஹீட் ஆகி கேஸ்கட் காலி. அதனால பெல்ட் மாத்தும்போதே டென்ஷனர் (பெல்ட்ட இறுக்கமா வைக்கிறது), ஐட்லர் (பெல்ட்டுக்கு வழி காட்டுற உருளை), வாட்டர் பம்ப் மூணையும் மாத்த சொல்லுங்க, பம்ப்புக்கு பணம் மிச்சம் பண்ணாதீங்க.

கேஸ்கட் திடீர்னு போறது அபூர்வம், பெரும்பாலும் ஹீட்டுதான் காரணம். பல இன்ஜின்ல கீழ பிளாக் வார்ப்பிரும்பு, மேல ஹெட் அலுமினியம், சூட்டுல அலுமினியம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அளவு தாண்டுனா ஹெட் வளைஞ்சிரும். என் மச்சான் கொல்லிமலை ஏறும்போது ஹோஸ் விட்டுப்போச்சு, டெம்பரேச்சர் முள் 'H' (ஹாட்) பக்கம் போயிருச்சுன்னு பாத்தும் இன்னும் நாலு வளைவுதானேன்னு ஏத்திட்டாரு. லேத்துல அந்த ஹெட் மேல இரும்பு ஸ்கேல வச்சு ஃபீலர் கேஜ் விட்டுப் பாத்தாங்க. பல இன்ஜின்ல 0.05 மில்லிமீட்டர் வளைவுதான் தாங்கும், நோட்டு பேப்பர் தடிமன்ல பாதி. அதுக்கு மேல வளைஞ்சா ஃபேஸிங் (லேத்துல செதுக்கி சமமாக்குறது) பண்ணாம புது கேஸ்கட் போட்டாலும் நிக்காது. அதுக்கும் மொதல்ல அவருக்கு அறிகுறி இருந்துச்சு, கூலன்ட் (இன்ஜின ஆற வைக்கிற திரவம்) வாராவாரம் கொறையுது ஆனா தரையில ஒரு சொட்டு இல்ல. தெர்மோஸ்டாட்ட (சூட்டுக்கு ஏத்த மாதிரி கூலன்ட் ஓட்டத்த தெறந்து மூடுறது) யாரோ கழட்டிப் போட்டுட்டு போர் தண்ணிய ஊத்தி வச்சிருந்தாங்க, ரேடியேட்டர் பூரா உப்பு. நம்ம ஊர்ல இந்தப் பழக்கம் எத்தன இன்ஜின தின்னிருக்கோ தெரியல, மனசு ஆறல எனக்கு.

நீங்க கெளம்புறதுக்கு முன்னாடி, வண்டி ஆறி இருக்கும்போது ஆயில் மூடிய தெறந்து பாருங்க, பால் காப்பி கலர்ல நுரை இருந்தா தண்ணி கலந்திருக்கலாம். கூலன்ட் டேங்க்ல ஸ்டார்ட் பண்ண ஒடனே விடாம குமிழ் வருதா, சைலன்சர்ல வெள்ளப் புகை சூடான பிறகும் நிக்காம வருதான்னு பாருங்க. மலையில முள் ஏறுனா ஏசிய ஆஃப் பண்ணி ஹீட்டர ஃபுல்லா வைங்க, கொறையலன்னா ஒடனே நிறுத்தி ஆஃப் பண்ணுங்க, ரேடியேட்டர் மூடில கை வைக்காதீங்க, பச்சத் தண்ணியும் ஊத்தாதீங்க. இன்னொண்ணு, தண்ணி பூரா போயிட்டா சென்சர் காத்துல தொங்கும், முள் தானா கீழ எறங்கும், சரியாயிருச்சுன்னு நெனச்சு ஓட்டிராதீங்க.

பெல்ட் வேல ஒரு நாள்தான். கெளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வண்டிய விட்டு, மாத்தி முடிச்சு உள்ளூர்ல ஒரு அம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாத்துட்டு கெளம்புங்க. கழட்டுன பழைய பெல்ட்ட கேட்டு வாங்கி மடிச்சுப் பாருங்க, பல்லோட அடில கீறல் தெரியுதான்னு. என்ன இருந்துச்சுன்னு இங்க வந்து எழுதுங்க.