பிளம்பர் வேலைக்கு ஏஐ தேடல் கருவிகள் உண்மையிலேயே உதவுமா?

சிங்கப்பூரில் பிளம்பராக இருக்கும் நீங்கள், தினசரி வேலைக்கு ஏஐ பயன்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பயன்படும். பழுதைக் கண்டுபிடிப்பது உங்கள் அனுபவம்தான். தேடிப் படிக்கும் நேரத்தை ஏஐ மிச்சப்படுத்தும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு ஒன்றில், தொட்டியில் தண்ணீரைச் சூடாக்கி வைக்கும் ஸ்டோரேஜ் ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஏன் சொட்டுகிறது?" என்று மொட்டையாகக் கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். அந்த மாடலின் கையேட்டு பிடிஎஃப்பை நோட்புக்எல்எம் (ஏற்றிய ஆவணத்திலிருந்தே பதில் தரும் கூகுளின் ஏஐ கருவி) போன்ற கருவியில் ஏற்றுங்கள். சூடாகும்போது மட்டும் சொட்டுகிறதா, எந்நேரமுமா என்பதையும் சொல்லிக் கேளுங்கள். சூட்டில் தண்ணீர் விரிவதால் கொஞ்சம் சொட்டலாம். நிற்காமல் சொட்டினால் லைன் பிரஷர், தெர்மோஸ்டாட், வால்வு மூன்றையும் சோதிக்க வேண்டும். பதில் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று கருவி காட்டும். அதைத் திறந்து படித்த பிறகே ஸ்பேனரை எடுங்கள். அந்த வால்வை அடைக்கச் சொல்லி எந்தப் பதில் வந்தாலும், தயவுசெய்து செய்யாதீர்கள், தொட்டியே வெடிக்கலாம்.

விதிமுறை விஷயத்தில்தான் எனக்குப் பயம். ஊரைச் சொல்லாவிட்டால் ஏஐ அமெரிக்க விதியை எடுத்து நீட்டிவிடக்கூடும். இங்கே தண்ணீர்க் குழாய் வேலைக்கு எஸ்எஸ் 636 என்ற சிங்கப்பூர்த் தரநிலை, உரிமம் யாருக்கு வேண்டும் என்பதற்குத் தண்ணீர் விநியோகத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் (பியுபி). இவற்றை நேரடியாகவே பாருங்கள்.

தமிழில் பேசிப் பதிந்த குறிப்பை ஆங்கிலக் கொட்டேஷனாக மாற்றவும் ஏஐ கைகொடுக்கும். வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் மட்டும் ஏஐ கருவியில் போடாதீர்கள்.