வாசகர் கேள்வி – பதில்: தொட்டியின் முருகைகள் ஏன் வாடுகின்றன?

கேள்வி: ஒன்றரை ஆண்டாக 200 லீற்றர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை வீட்டில் வைத்திருக்கிறேன். சித்திரை வெயிலுக்காகத் தொட்டியின் மேல் மின்விசிறி பூட்டினேன். அதே வாரத்தில் புதிய எல்.இ.டி. விளக்கும் போட்டேன். இரண்டு மாதத்துக்குள் ஹாமர் என்னும் முருகை (பவள உயிரினம்) சுருங்கி, அடித்தண்டில் தசை விலகி உள்ளிருக்கும் கல் வெளியே தெரிகிறது. பச்சையாக இருந்த, தட்டு வடிவிலான மொண்டிப்போரா முருகை பழுப்பாகிவிட்டது, அதன் ஓரமும் வெளுத்துள்ளது. மீன்கள் நலமாக உள்ளன, தண்ணீரும் பளிங்கு போலிருக்கிறது. வற்றும் அளவுக்கு ஈடாக எங்கள் கிணற்று நல்ல தண்ணீரை நாள்தோறும் இரண்டு லீற்றர் விடுகிறேன். காரத்தன்மையைக் கூட்டக் கடைக்காரர் தந்த பொடியையும் வாரம் ஒருமுறை இடுகிறேன். விளக்கைக் கழற்றிவிடலாமா? இவை இறந்தால் கீரிமலைக் கடலிலிருந்து வேறு எடுத்து வைக்கலாமா?
– ஒரு வாசகர், கோண்டாவில்

பதில்: விளக்கைக் கழற்ற வேண்டாம். ஒளியோ வெப்பமோ மிகும்போது முருகை தன் தசைக்குள் வாழும் நுண்பாசிகளை இழக்கிறது. அப்போது கண்ணாடித்தாள் போன்ற தசையினூடாக வெண்கல் தெரியும். 1998இலும் 2016இலும் எமது தீவைச் சூழ்ந்த கடல் சூடேறியபோது நிகழ்ந்த வெளிறல் இவ்வகையானதே. தொட்டியில் ஒளி மிகுதியால் இது நேர்ந்தால் விளக்கை நோக்கிய மேற்பரப்பே முதலில் வெளிறும். உங்கள் மொண்டிப்போராவோ வெளிறவில்லை, பழுப்பாகியிருக்கிறது. நீரில் ஊட்டப்பொருள் மிகும்போது அதே நுண்பாசிகள் பெருகி, முருகையின் பச்சை நிறமிகளை மூடிவிடுவதன் அடையாளம் அது. ஒளியைக் குறைத்தால் அந்தப் பழுப்பு மேலும் கூடும்.

என் ஐயம் உங்கள் கிணற்றின் மேல்தான். தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் நீர் மட்டுமே. அதில் கரைந்துள்ள யாவும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. ஆகவே நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு லீற்றரும் தான் கொண்டுவந்ததை விட்டுவிட்டுத்தான் போகிறது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்குச் சுண்ணாம்புக்கல்லினூடாக நீர் வருவதால் அது சுண்ணாம்பு கரைந்த வன்னீராக (கடின நீராக) இருக்கிறது. செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் உரத்திலுள்ள நைத்திரேற்று என்னும் ஊட்டப்பொருள் அந்நீரில் இறங்குவதும் நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. குடிநீருக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று வரை ஏற்கத்தக்கது. உங்களுடையவை போன்ற கல் முருகைகள் உள்ள தொட்டியில் 10ஐத் தாண்டாமல் வைத்திருப்பதே நல்லது. ஒரு பேச்சுக்கு உங்கள் கிணற்றில் 40 இருப்பதாகக் கொண்டால், மாதம் 60 லீற்றர் ஊற்றும்போது 2400 மில்லிகிராம், அதாவது தொட்டியின் லீற்றர் ஒன்றுக்கு 12 மில்லிகிராம், மாதந்தோறும் சேர்கிறது. மீன்கள் இதைப் பொறுத்துக்கொள்ளும் என்பதால் அவற்றின் நலத்தைச் சான்றாகக் கொள்ள முடியாது. தெளிந்த நீரிலும் நைத்திரேற்று கண்ணுக்குத் தெரியாது. விளக்கும் விசிறியும் ஒரே வாரத்தில் வந்ததால் உங்கள் கண் விளக்கின் மேல் போயிருக்கிறது. ஆனால் விசிறி ஆவியாதலைக் கூட்டியது, அதனால் கிணற்று நீரின் அளவும் கூடியது. (விசிறி பூட்டியதில் தவறில்லை. எங்கள் வெயிலுக்கு அது தேவைதான்.)

ஹாமர் முருகையின் தசை அடியிலிருந்து விலகுவதற்குக் காரத்தன்மை ஏறி இறங்குவது ஒரு முக்கிய காரணம். சுண்ணாம்புக்கல்லினூடாக வரும் உங்கள் கிணற்று நீர் ஏற்கெனவே காரத்தன்மையை ஏற்றிக்கொண்டிருக்க, அளக்காமல் இடும் பொடி அதை வாரம் ஒருமுறை இன்னும் தூக்கிவிடுகிறது. பொடியை இன்றே நிறுத்துங்கள். இயற்கைக் கடல்நீரில் காரத்தன்மை ஏறத்தாழ 7 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) ஆகும், தொட்டியில் 8 முதல் 9 வரை, நாளுக்கு நாள் மாறாமல் இருந்தால் போதும். அதே தண்டில் பழுப்புக் கூழ் போன்ற ஒன்று நாற்றத்துடன் படர்ந்தால் அது வேறு நோய். அதைக் குழாயால் உறிஞ்சி அகற்றி, அத்தண்டை வெட்டிப் பிரித்துவிட வேண்டும், காத்திருக்கக் கூடாது.

மொண்டிப்போராவின் ஓரத்து வெண்மைக்கு உடனே அஞ்ச வேண்டாம். சுற்றிலும் ஒரே சீராக ஓடும் மெல்லிய வெண்கோடு பெரும்பாலும் வளரும் விளிம்பாகும். ஒழுங்கற்று உள்நோக்கிப் பரவும் வெண்மையே தசை இழப்பு. இரவில் விளக்கணைத்து, கைவிளக்கால் தட்டின் அடிப்புறத்தையும் பாருங்கள். வெண்ணிறத்தில் இழைகள் கொண்ட சிறு கடல்நத்தைகள் இருந்தால் தசையைத் தின்பவை அவைதாம்.

முதலில் கிணற்று நீரையும் தொட்டி நீரையும் ஒரே சோதனைப் பெட்டியால் நைத்திரேற்றுக்கும் காரத்தன்மைக்கும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உப்புச் செறிவு ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னர் ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆர்.ஓ. நீரை (சவ்வினூடாக வடித்துக் கரைபொருள்கள் நீக்கிய நீரை) மட்டும் விடுங்கள். குடிப்பதற்காகக் கடைகளில் விற்கும் ஆர்.ஓ. நீரில் சுவைக்காகத் தாதுக்கள் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பதால், கரைதிண்ம மானியால் (நீரில் கரைந்துள்ளவற்றை அளக்கும் கருவியால்) அளந்து வாங்குவது நல்லது. சுழியத்தை ஒட்டிய அளவே வேண்டும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை, அதே உப்புச் செறிவும் வெப்பமும் உள்ள புதுநீரால் மாற்றுங்கள். பாதி நீரை ஒரேயடியாக மாற்றினால் காரத்தன்மை திடீரென விழுந்து, ஹாமரில் எஞ்சிய தசையும் போய்விடக்கூடும். இந்த வாரங்களில் விளக்கின் ஒளியளவையோ முருகைகளின் இடத்தையோ மாற்றாதீர்கள். மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று உங்களுக்கே தெரியாமற் போகும். பழுப்பு கலைந்து பச்சை மீளச் சில மாதங்கள் ஆகும். ஆனால் ஹாமரின் தசை மேலும் பின்வாங்காமல் நின்றுவிட்டதா என்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். தண்டில் தசை நிற்கும் எல்லையை வாரம் ஒருமுறை ஒரே கோணத்தில் படம் எடுத்து வைத்து ஒப்பிடுங்கள்.

கீரிமலையிலோ வேறெந்தக் கடலிலோ கல் முருகைகளை எடுக்கக் கூடாது. அவை இலங்கைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். தொட்டி வைத்திருப்பவர்கள் தம் முருகைகளிலிருந்து வெட்டி வளர்க்கும் துண்டுகள் கிடைத்தால் வாங்கலாம், அதுவும் உங்கள் தொட்டியின் நைத்திரேற்று இறங்கிய பின்னரே.