ஆட மறுத்தவர்கள்

அன்புள்ள ஐயா,

பெண்கள் ஐஸ் ஹாக்கி பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு பத்தியைப் படித்துவிட்டு ஹெய்லி விக்கன்ஹைசரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். கனடாவுக்கு நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அந்தத் தலைமுறை காசைப் பார்க்காமல் ஆட்டத்தை நேசித்தது. இன்றைய வீராங்கனைகள் சங்கம், ஒப்பந்தம், சம்பளம் என்று பேசுவதைப் பார்க்கக் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. என் கேள்வி இதுதான்: ஒரு பெண் இதை முழுநேரத் தொழிலாக நம்பி இறங்கலாமா? ஆண்களின் வேகமும் மோதலும் இல்லாத ஆட்டத்துக்குக் கூட்டம் வருமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் கேள்வி இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் அந்த வருத்தம். கொஞ்ச நாளாகவே மனதில் அரித்துக்கொண்டிருந்த விஷயம் அது.

வேகம், மோதல் பேச்சை முதலில் முடித்துவிடலாம். 2019 ஜனவரியில் வட அமெரிக்காவின் ஆண்கள் லீக்கான என்.எச்.எல்.லின் ஆல்-ஸ்டார் நிகழ்ச்சியில், வேகப் போட்டியில், அமெரிக்க வீராங்கனை கெண்டல் கோய்ன் ஸ்கோஃபீல்ட் ஆண்களோடு கலந்துகொண்டு 14.346 விநாடியில் ஒரு சுற்று முடித்தார், அதில் ஒரு ஆணைவிட வேகம். மோதல், அதாவது உடலால் இடித்துத் தடுப்பது, பெண்களின் 1990 உலகப் போட்டியில் இருந்தது, பிறகு எடுத்தார்கள், இப்போது ஓரளவு திரும்பியிருக்கிறது. கூட்டமா? 2024 ஏப்ரலில் மாண்ட்ரியல் பெல் சென்டரில் ஒரு பெண்கள் ஆட்டத்துக்கு 21,105 பேர். போதும்.

இப்போது அந்தக் ‘காசைப் பார்க்காமல்’. இருந்தால்தானே பார்ப்பதற்கு? கனடாவில் 2007இல் தொடங்கிய பெண்கள் லீக் முதல் பத்து வருடம் யாருக்கும் சம்பளமே தரவில்லை. 2017இல்தான் ஒரு பருவத்துக்கு 2,000 முதல் 10,000 டாலர் வரை என்று ஆரம்பித்தார்கள். உலகத்தின் சிறந்த வீராங்கனைகள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, மற்றவர்கள் ஆடி முடித்த பிறகு மிச்சம் கிடைக்கும் ராத்திரி நேரத்தில் பனித்தளத்தில் இறங்கினார்கள். நீங்கள் கொண்டாடும் விக்கன்ஹைசர் 2003இல் ஃபின்லாந்துக்குப் போய் ஆண்கள் லீக்கில் ஆடினாரே, எதற்கு? கனடாவில் அவருக்கு ஆடிச் சம்பாதிக்க ஒரு லீக் இருந்திருந்தால் போயிருப்பாரா? அவர்களின் வறுமையை நாம் தூர நின்று ரசிக்கிறோம், அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களை மட்டும் சொல்லவில்லை.

நான் எழுத வந்த புதிதில் ஒரு பத்திரிகையில் தொடர் எழுதினேன். பணம் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டபோது ஆசிரியர் ரொம்பக் கனிவாக, “எழுத்தை இவ்வளவு நேசிக்கிற உங்களிடம் போய்க் காசு பேசுவதா?” என்றார். அச்சகக்காரரிடமும் பேப்பர் கடைக்காரரிடமும் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பைண்டிங் செய்கிறவர் தன் வேலையை என்னைவிட அதிகமாக நேசித்தார் என்று எனக்குத் தெரியும், ஆனால் அவருடைய பில்லை யாரும் நேசத்தில் கழித்துக்கொள்ளவில்லை. அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை. என்னைப் பாராட்டித்தான் பேசினார், அதனாலேயே எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை.

அதனால்தான் 2017இல் அமெரிக்க அணி செய்த காரியத்தை எந்தத் தங்கத்தையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். அதுவரை அவர்களுடைய சம்மேளனம் கொடுத்தது, ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆறு மாதங்களுக்கு மட்டும் மாதம் 1,000 டாலர். வெளியூர் போனால் சாப்பாட்டுப் படி ஆண்களுக்கு நாளுக்கு 50 டாலர், பெண்களுக்கு 15. உலகப் போட்டி சொந்த நாட்டில், மிச்சிகனில், மார்ச் 31 தொடக்கம். மார்ச் 15 அன்று மொத்த அணியும் சொன்னது: ஆட மாட்டோம். சம்மேளனம் மாற்று ஆட்களைத் தேடியது. கல்லூரிப் பெண்களைக் கூப்பிட்டார்கள், 18 வயதுக்குட்பட்ட அணியின் சிறுமிகளைக்கூடக் கூப்பிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், பதினேழு வயதுப் பெண்ணுக்கு தேசிய அணியின் சட்டை வலிய வருகிறது, வாழ்க்கையில் இன்னொரு முறை வருமா என்று தெரியாது, அவள் வேண்டாம் என்கிறாள். ஒருவர் பின் ஒருவராக வேண்டாம் என்றார்கள். 28ஆம் தேதி சம்மேளனம் இறங்கி வந்தது, படி சமமானது. அப்புறம் இந்தப் பெண்கள் போய்க் கனடாவைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்கடித்துக் கோப்பையும் வாங்கினார்கள்.

2019 வசந்தத்தில் கனடாவின் அந்த லீக் மூடப்பட்டது. எதிரே அமெரிக்காவில் இன்னொன்று இருந்தது, சம்பளம் தருவதாக 2015இல் ஆரம்பித்து அடுத்த வருடமே அந்தச் சம்பளத்தை வெட்டிய லீக். அங்கே போவதற்குப் பதிலாக 200க்கும் மேற்பட்டவர்கள், ஒழுங்கான லீக் வரும்வரை வட அமெரிக்காவில் எந்த லீக்கிலும் ஆட மாட்டோம் என்று அறிவித்துவிட்டுக் கண்காட்சி ஆட்டங்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான கனடா அணியின் கேப்டன் மாரி-ஃபிலிப் புலானுக்கு அப்போது 28 வயது. அவர்கள் காத்திருந்த புதிய லீக்கின், பி.டபிள்யூ.எச்.எல்.லின், முதல் ஆட்டம் டொராண்டோவில் 2024 ஜனவரி 1 அன்று நடந்தபோது 32. ஒரு விளையாட்டு வீராங்கனையின் 28 முதல் 32 என்பது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட நடப்பதற்கு முன்பே 2031 வரைக்கும் தொழிற்சங்க ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது: முதல் பருவத்துக்குச் சம்பளம் குறைந்தபட்சம் 35,000 டாலர், ஒவ்வொரு அணியிலும் ஆறு பேருக்காவது 80,000க்குக் குறையாமல், வீட்டு வாடகைக்கு உதவி.

இதில் நான் மறைக்க விரும்பாத ஒன்று உண்டு. புதிய லீக்கைத் தொடங்கியவர்கள் அந்தப் பழைய அமெரிக்க லீக்கை விலைக்கு வாங்கி மூடினார்கள். அங்கே ஒப்பந்தம் வைத்திருந்தவர்களின் ஒப்பந்தங்கள் செல்லாமல் போயின, சிலருக்கு ஆட்டமே முடிந்தது. அவர்களும் உழைத்தவர்கள்தான். அவர்களுக்கு யாரும் மாலை போடவில்லை.

சரி, உங்கள் கேள்வி. இறங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. 2025-26 பருவத்தில் எட்டு அணிகள், அணிக்கு 23 பேர், அதாவது இருநூறு இடம்கூட இல்லை. உலகம் முழுக்க இருந்து அதற்குத்தான் வருகிறார்கள். டொராண்டோவிலோ பாஸ்டனிலோ அந்தக் குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது கஷ்டம். பெரும்பாலானவர்கள் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடிப் பட்டமும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள், அது புத்திசாலித்தனம். இந்த லீக்கில் இடம் கிடைக்காவிட்டால் ஸ்வீடனில் ஒரு நல்ல லீக் இருக்கிறது. விக்கன்ஹைசர் 2017இல் ஓய்வு பெற்ற பிறகு மருத்துவம் படித்து டாக்டரானார், அதை எப்படி விட்டீர்கள்?

அன்புடன்.